பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற மாதிரி 24 வார்த்தையையும் வெட்டி வாங்கலாமா? (ஹார்ட்வேர் வாலட், முதல் தடவை)

வண்ணார்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்த பிட்காயினும் கொஞ்சம் ஈத்தரும் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் ஆப்) கிடக்கின்றன. இனி என் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று லெட்ஜர் நானோ எஸ் பிளஸ் என்ற ஹார்ட்வேர் வாலட் (காசை நகர்த்தும் சாவியை வைத்திருக்கும் குட்டிக் கருவி) ஒன்று வாங்கியாயிற்று. துபாயில் இருக்கும் அத்தான் அந்தக் கம்பெனியின் தளத்திலேயே ஆர்டர் போட்டு, லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

என் பயம் கருவியைப் பற்றி இல்லை, காகிதத்தைப் பற்றி. கருவி தரும் 24 வார்த்தையைக் காகிதத்தில்தான் எழுதி வைக்க வேண்டுமாம், கருவி போனால் காசை மீட்க அதுதான் சாவி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரமும் மார்க்‌ஷீட்டும் கூழாகிவிட்டன. நகல் வாங்க எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த 24 வார்த்தைக்கு நகல் தரும் ஆபீஸ் எதுவும் கிடையாது.

அதனால் டவுன் ரதவீதியில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருகிறார்களே, அதே மாதிரி ஒரு தட்டில் 24 வார்த்தையையும் வெட்டி வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். தண்ணீரும் ஒன்றும் செய்யாது, கரையானும் அரிக்காது. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

இன்னொன்று. வீட்டுக்காரி கேட்கிறாள்: "உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் இதை வைத்து நான் என்ன செய்ய?" பதில் சொல்லத் தெரியவில்லை.

பொருநைக்கரை

தம்பி, பாத்திரக் கடைக்கு மட்டும் போகாதீர்கள்.

வெட்டுகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு அவர் மேஜையில் கிடக்கும். பக்கத்தில் நிற்கும் பையன் பார்ப்பான். அடுத்த வாடிக்கையாளர் கையில் போன் இருக்கும். அந்த வார்த்தைகளைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் கருவியும் பின் நம்பரும் இல்லாமலே பணத்தை எடுத்துவிட முடியும். எடுத்தது யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம், திரும்ப வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் இங்கேதான் குழப்பம். காசு அந்தக் கருவிக்குள் இல்லை. நிலம் களக்காட்டில் கிடக்கும், பத்திரம்தான் நம் பீரோவில் இருக்கும் இல்லையா, அப்படித்தான். காசு எல்லாம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. அதை நகர்த்தும் உரிமை அந்த 24 வார்த்தையிலிருந்து பிறக்கிறது. கருவி ஆற்றில் விழுந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதே கம்பெனி கருவியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வார்த்தைகள் பிப்-39 என்ற பொது முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. ட்ரெசர், பிட்பாக்ஸ், கோல்ட்கார்ட் என்ற மற்ற கம்பெனிக் கருவிகள் எல்லாமே அந்தப் பட்டியலைப் படிக்கும்.

ஆகவே "வாலட்டைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி" என்று கேட்டால், அதில் முக்கால்வாசி அந்த வார்த்தைகளை எப்படி எழுதுகிறோம், எங்கே வைக்கிறோம், யாருக்குத் தெரியும் என்பதுதான்.

பெட்டியைப் பற்றி ஒரு விஷயம். அத்தான் கம்பெனியிடமே நேராக வாங்கியது நல்லது. 2023இல் காஸ்பெர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு போலி ட்ரெசரைப் பிரித்துப் பார்த்து எழுதியது. ஒட்டுமுத்திரை எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. உள்ளே சிப்பை மாற்றி, திருடர்கள் முன்கூட்டியே தயாரித்து வைத்த 20 சீட்களில் (இந்த வார்த்தைத் தொகுப்பைத்தான் சீட் என்பார்கள்) ஒன்றைத்தான் காட்டும்படி செய்திருந்தார்கள். வாங்கியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார், ஆனாலும் பணம் போய்விட்டது. ஒட்டுமுத்திரையை நம்ப வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். லெட்ஜர் பெட்டியில் அப்படி ஒரு முத்திரை கிடையாது, இல்லையே என்று பதற வேண்டாம். கம்பெனியின் ஆப்போடு இணைத்ததும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சிப் அசலா என்று அதுவே சோதிக்கும். அந்தச் சோதனையில் தேறினால் போதும்.

அப்புறம், பெட்டிக்குள் ஏற்கெனவே வார்த்தைகள் அச்சடித்த தாளோ, சுரண்டிப் பார்க்கும் அட்டையோ இருந்தால் அந்த நிமிடமே மூடி வைத்துவிடுங்கள். வெற்றுத் தாள்தான் இருக்க வேண்டும். வார்த்தைகள் உங்கள் கண் முன்னால், அந்தக் குட்டித் திரையில்தான் பிறக்க வேண்டும்.

ஆப்பைத் தேடும்போது தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

மேலப்பாளையம்_நெட்சென்டர்

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னதோடு என் தொழிலிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன்.

சீட் எழுதிய தாளை லேமினேட் பண்ணித் தரச் சொல்லி ஒரு காலேஜ் பையன் என் கடைக்கே வந்தான். மேலே ஆங்கிலத்தில் ரெக்கவரி ஷீட் என்று அச்சடித்திருந்தது, கீழே வரிசை எண் போட்டு 24 வார்த்தை. படிக்காமல் கவிழ்த்து வைத்து, இதை எந்தக் கடையிலும் கொடுக்காதே, வீட்டுக்குப் போய்ப் புது சீட் உருவாக்கு என்று சொல்லி அனுப்பினேன். எல்லாக் கடையிலும் இப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெரிய ஜெராக்ஸ் மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும், நகல் எடுத்தது அதில் தங்கிவிடவும் கூடும். அந்த மெஷின் பழசானதும் எங்கே போகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

வார்த்தைகளை எழுதும் நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். போட்டோ எடுத்தால் அது தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போய்விடும், பிறகு அழித்தாலும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, நோட்ஸ் ஆப், மெயில் டிராஃப்ட் எல்லாம் இதே கதைதான். இப்போது நம் பக்கத்திலும் ஹாலுக்குள்ளேயே கேமரா மாட்டுகிறார்கள், காட்சி எல்லாம் ஏதோ ஒரு கிளவுடுக்குப் போகிறது. கேமரா இல்லாத அறையில் உட்காருங்கள். வார்த்தையை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டாம்.

ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். பால்பாயிண்ட் நிற்கும், பென்சிலும் நிற்கும்.

களக்காடு_வாழைத்தோப்பு

எனக்கும் இதே யோசனை உண்டு. ஒரு கேள்வி: வார்த்தைகள் ஆங்கிலம்தானே, அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் கொஞ்சம் மறைவாக இருக்குமே?

பொருநைக்கரை

வேண்டாம் தம்பி. நம் எழுத்தில் எழுதினால் வேறு வேறு சொற்கள் ஒன்றாகிவிடும். பரீட்சையில் தேறுவதற்கும் "பாஸ்" என்றுதான் எழுதுவோம், முதலாளிக்கும் "பாஸ்" என்றுதான் எழுதுவோம். அந்த 2048இல் இரண்டு சொல்லும் இருக்கின்றன. பல வருடம் கழித்து எது என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும். ஆங்கிலப் பெரிய எழுத்தில், வரிசை எண்ணோடு, பிரித்துப் பிரித்து எழுதுங்கள். வரிசை மாறினாலும் வேலை செய்யாது.

பேட்டை_பட்டறை

நான் லேத் வைத்திருக்கிறேன். தகட்டைப் பற்றி நான் சொல்லலாம்.

வெளிநாட்டில் இதற்கென்றே உலோகத் தகடு விற்கிறார்கள், விலை அதிகம். நமக்கு அது தேவையில்லை. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் தகடு, 2 மில்லிமீட்டர் கனத்தில், பழைய பெரிய போன் அளவுக்கு ஒரு துண்டு எந்தப் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். வெட்டுத்துண்டுக் குவியலில் தேடினாலே கிடைக்கும். அலுமினியம் வேண்டாம். அடிக்கச் சுலபம்தான், ஆனால் 660 டிகிரியில் உருகிவிடும். ஸ்டெயின்லெஸ் 1400ஐத் தாண்ட வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் லெட்டர் பஞ்ச் செட் கேளுங்கள். ஏ முதல் இசட் வரை ஒரு டப்பாவில் வரும். 3 மில்லிமீட்டர் எழுத்து போதும். நம்பர் பஞ்ச் தனி செட், அதற்குப் பதில் வரிசையாக நாலு பத்தியாகக் கோடு கிழித்துக்கொள்ளலாம்.

முழு வார்த்தையும் அடிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது, அப்படித்தான் தயாரித்திருக்கிறார்கள். ஆக, ஒரு வார்த்தைக்கு நாலு எழுத்து, 24 வார்த்தைக்கு அதிகபட்சம் 96 அடி. மூணு எழுத்து வார்த்தை வந்தால் அந்த மூணோடு நிறுத்திவிடுங்கள்.

தகட்டுக்கு அடியில் கனமான இரும்பு ஏதாவது இருக்க வேண்டும். தரையில் வைத்து அடித்தால் டைல்ஸ் போகும், எழுத்தும் பதியாது. பஞ்சை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கிலோ சுத்தியலால் ஒரே அடி. இரண்டாம் அடி அடித்தால் எழுத்து இரட்டையாக விழும், ஐயும் எல்லும் குழம்பிவிடும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் பேரை அடித்துப் பாருங்கள்.

செட் வாங்கப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் வார்த்தை அடித்த தகட்டை என் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். எனக்குத் தெரியவே கூடாது.

வள்ளியூர்_வாசி

இங்கே எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

சாதாரண ஆளுக்கு இது தேவையா? எக்ஸ்சேஞ்சில் இருந்தால் பாஸ்வேர்டு மறந்தாலும் ஆதாரைக் காட்டி மீட்கலாம். இறந்துபோனால் வாரிசு கேட்டு வாங்கலாம். இப்போது அவர்கள் எஃப்ஐயு (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவுக்குள் வந்துவிட்டார்கள், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் 2023 மார்ச் முதல் அவர்களுக்குப் பொருந்தும். சீட் தாளைத் தொலைத்து எல்லாவற்றையும் இழந்தவர்களை எனக்கே தெரியும். திருடனிடம் இழப்பதும் தன் கையாலேயே இழப்பதும் ஒன்றுதான்.

பொருநைக்கரை

நீங்கள் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தொகை சிறியதாக இருந்தால், அடிக்கடி வாங்கி விற்பவராக இருந்தால், எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டும். தாளைப் பத்திரமாக வைக்க முடியாத சூழலில் இருப்பவர்களையும் நான் இதற்குத் தள்ள மாட்டேன். விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்கிறேன்.

மறுபாதிக்கு 2024 ஜூலை 18ஐ நினைத்துப் பாருங்கள். வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசு ஒரே நாளில் போனது. திருட்டில் போகாத காசையும் மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் தொட முடியவில்லை. ஆதார் கையில் இருந்தது, பாஸ்வேர்டு நினைவில் இருந்தது, ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதில் முடங்கிய ஒருவரின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒரு சொத்து, வைத்திருக்கவும் அனுபவிக்கவும் கூடியது என்று சொன்னது. சொத்து என்று ஆகிவிட்டது, நல்லது. சொத்தின் சாவி இன்னொருவர் கையில் இருக்கும்வரை காத்திருப்பது நம் தலையெழுத்து.

தாளைத் தொலைத்தவர்கள் என்று சொன்னீர்கள். அதில் பெரும்பாலோர் ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டவர்கள் என்பது என் எண்ணம். வண்ணார்பேட்டைத் தம்பிக்கு நான் அழுத்திச் சொல்ல நினைத்ததும் அதுதான்: பெரிய தொகையை ஏற்றும் முன் கருவியை அழித்துவிட்டு, எழுதிய வார்த்தையிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

முறை இதுதான். கருவியில் பின் வையுங்கள். நாலு முதல் எட்டு இலக்கம் வைக்கலாம், எட்டே வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். 24 வார்த்தை ஒவ்வொன்றாகத் திரையில் வரும், எழுதுங்கள். கருவியே திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும். பிட்காயின் கணக்கு ஒன்று திறந்து, வாங்கும் முகவரியைக் கருவியின் திரையிலேயே பார்த்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து மிகக் குறைந்த தொகையை அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் அந்த முகவரியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அது ரகசியம் இல்லை.

இப்போது வேண்டுமென்றே பின்னை மூன்று தடவை தப்பாகப் போடுங்கள். லெட்ஜர் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், பெட்டியிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிடும். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும், பரவாயில்லை, உள்ளே இருப்பது சின்னத் தொகைதான். அடுத்து "மீட்டெடு" என்பதைத் தேர்ந்து, தாளிலிருந்து இல்லை, நீங்கள் அடித்த தகட்டிலிருந்து வார்த்தைகளை உள்ளிடுங்கள். இரண்டே பொத்தான், எழுத்து எழுத்தாக நகர்த்த வேண்டும், பொறுமை வேண்டும். மூன்று நாலு எழுத்து போட்டதும் கருவியே வார்த்தையைக் காட்டும். கடைசி வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பு இருப்பதால், எங்காவது தப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடும்.

மீண்டு வந்ததும் அதே முகவரி, அதே தொகை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உங்கள் தகடு வேலை செய்கிறது என்று கண்ணால் கண்டுவிட்டீர்கள். ஒரு சாயங்காலம் ஆகும். இதைச் செய்யாமல் மொத்தத் தொகையையும் ஏற்றாதீர்கள்.

கணினியில் அந்த வார்த்தைகளைத் தட்டச்சு செய்யவே கூடாது. எந்த ஆப் கேட்டாலும், எந்தத் தளம் கேட்டாலும், கருவியின் பொத்தானைத் தவிர வேறு எங்கும் கூடாது.

களக்காடு_வாழைத்தோப்பு

25ஆவது வார்த்தை என்று ஒன்று சொல்கிறார்களே, பாஸ்ஃபிரேஸ், 24 வார்த்தையோடு நாமே சேர்க்கும் ரகசியச் சொல். அதையும் வைக்கச் சொல்லலாமா?

பொருநைக்கரை

முதல் ஆறு மாதம் வேண்டாம். அது நல்ல பூட்டுதான், தகடு திருடன் கையில் கிடைத்தாலும் காசு தப்பும். ஆனால் பாஸ்ஃபிரேஸில் "தப்பு" என்று ஒன்று கிடையாது. ஒரு எழுத்து மாறினால், ஒரு இடைவெளி கூடினால், வேறொரு காலி வாலட் திறக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. அதை மனதில் மட்டும் வைத்திருப்பவர் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வைத்தால் அதையும் எழுதி, தகடு இல்லாத வேறு இடத்தில் வைக்க வேண்டும். எளிமையாக வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

வண்ணார்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பாத்திரக் கடை யோசனையை விட்டுவிட்டேன்.

இதற்குள் ஒரு விஷயம். நேற்று இந்த இழையைப் பார்த்துவிட்டு "வாலட் உதவி மையம்" என்ற பெயரில் ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். என் கருவியை "சரிபார்த்துப் பதிவு" செய்யாவிட்டால் முடங்கிவிடுமாம், ஒரு லிங்க் கொடுத்து அதில் 24 வார்த்தையைப் போடச் சொன்னார். அழகான தமிழில்தான் எழுதியிருந்தார், அண்ணன் என்று வேறு கூப்பிட்டார். நான் இன்னும் பெட்டியையே பிரிக்கவில்லை!

மட்டுறுத்துநர்

அந்தக் கணக்கை நீக்கிவிட்டோம். வேறு யாருக்காவது வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். யாராவது ஏமாந்து வார்த்தைகளைக் கொடுத்திருந்தால் முதல் வேலையாக மீதிக் காசை வேறு புது வாலட்டுக்கு மாற்றுங்கள், பிறகு 1930க்கு அழையுங்கள். இந்த வரிசை முக்கியம்.

மேலப்பாளையம்_நெட்சென்டர்

இது செய்தியாக மட்டும் வராது, தபாலிலும் வரும். 2020இல் லெட்ஜரின் விற்பனைத் தளத்திலிருந்து வாடிக்கையாளர் விவரம் கசிந்தது, சுமார் 2.72 லட்சம் பேருடைய பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். அடுத்த வருடமே சிலர் வீட்டுக்குப் புதுக் கருவி பார்சலில் வந்தது. "பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறுங்கள்" என்று கடிதத்தோடு. அது போலி. ஆகவே உங்கள் அத்தான் துபாய் முகவரிக்கு எதுவும் வந்தால் உங்களிடம் கேட்காமல் பிரிக்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஊரில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம். லெட்ஜர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரையே 2025 ஜனவரியில் பிரான்சில் கடத்திக்கொண்டு போனார்கள். டீக்கடையில் விலை ஏறியதைப் பேசலாம், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பேசக் கூடாது.

அம்பை_கணக்குக்காரி

வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த இழையிலேயே அதுதான் பெரிய கேள்வி.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணவர் இறந்த பிறகு பாஸ்புக், எல்ஐசி பாண்டு, பங்குக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வரும் பெண்களைப் பார்க்கிறேன். அவற்றுக்கெல்லாம் நாமினி உண்டு, ஆபீஸ் உண்டு, கேட்டால் தாமதமாகவாவது கிடைக்கும். கையில் வைத்திருக்கும் வாலட்டுக்கு நாமினி என்ற ஒன்றே இல்லை. வார்த்தை கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

அதனால் தம்பி, இரண்டு காகிதம் தனித்தனியாக வேண்டும். ஒன்று உயில். வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டாலே செல்லும், பதிவு கட்டாயம் இல்லை. அதில் "என் டிஜிட்டல் சொத்துகள் என் மனைவிக்கு" என்று இருந்தால் போதும். வார்த்தைகளை உயிலில் எழுதிவிடாதீர்கள், உயில் பல கைக்குப் போகும் காகிதம்.

இன்னொன்று, மனைவிக்கு ஒரு கடிதம். தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி. இப்படி ஒரு கருவி இருக்கிறது, பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். தகடு இந்த இடத்தில் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் காசு அங்கேயே இருக்கும். உதவிக்கு இன்னாரைக் கூப்பிடு, ஆனால் அவர் கையிலும் தகட்டைக் கொடுக்காதே, நீயே பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்து. துக்க வீட்டில் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அதனால் அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

எழுதினால் மட்டும் போதாது. பொருநைக்கரை அண்ணாச்சி சொன்ன அழித்து மீட்கும் சோதனையை உங்கள் மனைவி கையால் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். கடிதத்தைப் படித்து அவரே முடித்துவிட்டார் என்றால் கடிதம் சரி. எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.

வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் காசை உங்கள் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை இல்லை. ஆனால் விற்கும் நாளில் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு, வாங்கிய விலை தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. நஷ்டத்தை ஈடுகட்டவும் முடியாது. வாங்கிய தேதி, விலை, பிடித்த டிடிஎஸ் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து இப்போதே இறக்கி வையுங்கள். அந்த ஆப் நாளை இருக்குமோ இருக்காதோ, கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். அதோடு, சில இந்திய ஆப்களில் காசை வெளியே எடுக்கும் வசதியே இருக்காது, உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்_வாசி

அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு என் மறுப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மனைவி கையால் மீட்டுப் பார்த்த வாலட் என்றால் எக்ஸ்சேஞ்சைவிட மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் செய்யாதவர்களுக்கு என் கருத்து அப்படியே நிற்கிறது.

வண்ணார்பேட்டைக்காரன்

முடித்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

பேட்டை அண்ணாச்சியிடம் பஞ்ச் செட் வாங்கி வந்தேன். அடியில் வைக்க அவரே ஒரு தண்டவாளத் துண்டும் கொடுத்தார். கழிவுத் தகட்டில் என் பேரை அடித்துப் பழகிய பிறகு, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி என்னவென்று விசாரித்தார்கள், கதவு கொண்டி சரி செய்கிறேன் என்றேன். எம், டபிள்யூ இரண்டும் தலைகீழாகப் பிடித்தால் ஒன்றுபோலத் தெரியும், பஞ்சின் பக்கவாட்டில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். தாளில் இருப்பதையும் தகட்டில் இருப்பதையும் வீட்டுக்காரி வாய்விட்டுப் படிக்காமல் விரல் வைத்துக் காட்ட, நான் ஒப்பிட்டேன்.

சிறு தொகை அனுப்பி, மூன்று தடவை தப்பான பின் போட்டு, அவள் கையாலேயே மீட்டாள். கடிதத்தில் "இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்து" என்று நான் எழுதாமல் விட்டிருந்தேன், அங்கேதான் நின்றாள். சேர்த்து எழுதிவிட்டேன். அதே முகவரி, அதே தொகை வந்தது.

ஒரு சந்தேகம். இரண்டாவது தகடும் அடித்திருக்கிறேன். ஒன்று இங்கே மாடியில். இன்னொன்றைத் தென்காசியில் அக்கா வீட்டில் வைக்கவா, வங்கி லாக்கரிலா? 12 வார்த்தை இங்கே, 12 வார்த்தை அங்கே என்று பிரித்து வைத்தால் இன்னும் பத்திரமா?

பொருநைக்கரை

பிரிக்காதீர்கள். ஒரு பாதி தொலைந்தாலே முழுதும் போச்சு, அப்படியானால் ஆபத்து இரண்டு மடங்காகிறது, குறையவில்லை. இரண்டு இடத்திலும் முழுத் தகடு.

லாக்கர் என் விருப்பம், உங்கள் மனைவியும் சேர்ந்து திறக்கக்கூடிய கூட்டு லாக்கராக இருந்தால். ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் தவறால் இழப்பு வந்தால் வருட வாடகையின் 100 மடங்குவரைதான் பொறுப்பு, வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பே இல்லை. காகிதமாக இருந்தால் யோசிக்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த ஊர் நம்முடையது. தகடு தண்ணீரில் கிடந்தாலும் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கப்பட்டிருந்தால் தெரியும், அன்றைக்கே புது சீட் உருவாக்கிக் காசை மாற்றிவிடலாம். அக்கா வீடும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே யார் யார் பீரோ திறப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மீதிக் காசை ஏற்றும்போது முகவரியை ஒட்டிய பிறகு கருவித் திரையில் வருவதோடு முழுதாக ஒப்பிடுங்கள். முன்னாலும் பின்னாலும் நாலு எழுத்து மட்டும் பார்ப்பது போதாது, அதே மாதிரி தொடங்கி முடியும் முகவரிகளைத் தயாரித்து உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் செருகிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈத்தர் வைத்திருக்கிறீர்கள் என்றீர்கள். ஏதாவது தளத்தில் கருவியை இணைத்து, திரையில் புரியாத எண் எழுத்துக் கோவை மட்டும் தெரிந்தால் சம்மதம் கொடுக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் அப்படித்தான் போனது: கணினித் திரை ஒன்றைக் காட்டியது, கையெழுத்து வேறொன்றுக்கு விழுந்தது. அவர்களிடமும் ஹார்ட்வேர் வாலட் இருந்தது.

வண்ணார்பேட்டைக்காரன்

சரி அண்ணாச்சி. கூட்டு லாக்கருக்குத் திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம். கடைசியாக ஒன்று: ஆப்பில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டுகிறது. காசு ஏற்றிய பிறகு செய்யலாமா, முன்னாலேயா?

பொருநைக்கரை

முன்னாலேயே செய்துவிடுங்கள். பின்னாலும் செய்யலாம், காசு போகாது, ஆனால் எப்போதாவது அப்டேட் நடுவில் கருவி தன்னை அழித்துக்கொண்டால் மீட்க வேண்டிவரும். அதனால் தகடு எட்டும் தூரத்தில் இருக்கும்போது செய்யுங்கள், பயணத்தில் வேண்டாம். ஆப்புக்குள் காட்டினால் மட்டும் செய்யுங்கள், மெயிலில் வரும் லிங்கில் வேண்டாம்.